மார்கழியில் போங்கள், பொங்கலுக்கு வேண்டாம்

கேள்வி:

ஐயா, சென்னையில் ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கிற ஆறு பேர் நாங்கள். நான்கு பெண்கள், இரண்டு ஆண்கள். எங்களில் ஒருத்திக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா விவசாயம் பார்க்கிறார். போன மாதம் போனில் பேசும்போது அவள் அம்மா, “லீவுக்கு எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாடி” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. டிசம்பர் 25 வாக்கில் கிளம்பி, நடுவில் சில நாள் அங்கிருந்தபடியே லேப்டாப்பில் வேலை பார்த்து, பொங்கல், ஜல்லிக்கட்டு எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். எங்களில் யாரும் கிராமத்தில் இரண்டு நாளுக்கு மேல் தங்கியதில்லை. என்னென்ன பார்க்கலாம்? அவர்கள் வீட்டில் பணம் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களா? கண்மாயில் குளிக்கலாமா? பாம்பு வருமா?

இன்னொன்று. எங்களில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். ஆபீஸில் இந்தப் பேச்சு வந்ததே இல்லை. டிக்கெட் போடலாம் என்று உட்கார்ந்தபோது அவரே சிரித்துக்கொண்டு, “உங்க ஊர்ல என்னைக் கேட்டா என்ன சொல்லணும்?” என்றார். தோழிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, சென்னை

பதில்:

கடைசியில் எழுதியிருப்பதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அது முடிவாகாமல் டிக்கெட் போடாதீர்கள்.

கேட்பார்கள். அந்த வீட்டில் கேட்காவிட்டாலும் பக்கத்து வீட்டில் கேட்பார்கள், டீக்கடையில் கேட்பார்கள். முதலில் “எந்த ஊரு?” என்று வரும். சென்னை என்றால், “அதுக்கு முந்தி எந்த ஊரு?” என்று வரும். ஊர் தெரிந்தால் தெரு. அதிலும் பிடிபடாவிட்டால், “நீங்க என்ன ஆளுக?” என்று நேராகவே. கேட்கிறவர் பெரும்பாலும் கையில் காபி டம்ளரோடு, முகமெல்லாம் சிரிப்பாகத்தான் கேட்பார். அதனாலேயே அந்தக் கேள்வியின் கனம் கேட்கப்படுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்கள் போகப்போகும் வட்டாரம் எது என்பதையும் மனதில் வையுங்கள். இலுப்பூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகள் அன்னவாசல் ஒன்றியத்தைச் சேர்ந்தவை. அதே ஒன்றியத்தில்தான் வேங்கைவயலும் இருக்கிறது. 2022 டிசம்பரில், இதே விடுமுறை வாரத்தில், அங்கே பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. விசாரிக்கப் போன ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் பக்கத்து இறையூரின் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதைக் கண்டு வழக்குப் போடவைத்தார்கள். அந்த மக்களை உள்ளே விடாத அய்யனார் கோயிலுக்குள் அவர்களைக் கையோடு அழைத்துப் போனார்கள். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு நிலைமை மாறும். ஒரு ஊரை வைத்து வட்டாரம் முழுவதையும் அளப்பது நியாயமில்லை. ஆனால் இது நடந்து நூறு வருஷம் ஆகிவிடவில்லை.

ஆகவே கேள்வி உங்கள் நண்பர் என்ன சொல்ல வேண்டும் என்பதே இல்லை. அவர் எதுவும் தயார் செய்துகொண்டு போக வேண்டியதில்லை. வேறு பெயர், வேறு ஊர் சொல்லவும் வேண்டியதில்லை. பேச வேண்டியவர் உங்கள் தோழி. டிக்கெட் போடுவதற்கு முன்பே அவர் தன் அம்மாவிடமும் அப்பாவிடமும் உடைத்துப் பேச வேண்டும்: “ஆறு பேரும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடுவோம், ஒரே தட்டு, ஒரே டம்ளர், எல்லாரும் அடுப்படி வரைக்கும் வருவாங்க. சரின்னா வர்றோம்.” அம்மா “அதுக்கென்ன, வரட்டும்” என்று சட்டென்று சொன்னால் நல்லது. “அப்பாயி இருக்காகளே…” என்று இழுத்தால் அதுவும் பதில்தான். அப்போது தோழி வீட்டில் தங்காமல் புதுக்கோட்டையிலோ திருச்சியிலோ ஆறு பேரும் அறை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரை அங்கிருந்தும் பார்க்கலாம். ஐந்து பேர் வீட்டிலும் ஒருவர் லாட்ஜிலும் என்ற ஏற்பாட்டுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அவரே பெருந்தன்மையாகச் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். இந்தப் பேச்சைத் தன் பெற்றோரிடம் பேச உங்கள் தோழிக்குத் தைரியம் வரவில்லை என்றால், இந்த வருஷம் போக வேண்டாம்.

பேசி முடித்து, வரச் சொல்லிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 25 முதல் பொங்கல் முடிய என்றால் மூன்று வாரம் ஆகிறது. ஐந்து விருந்தாளிகள் மூன்று வாரம் தங்குவதற்குப் பெயர் குடியேற்றம். அம்மா “எல்லாரும் வாங்க” என்றது உண்மையான பாசம். ஆனால் அந்த வீட்டில் குளியலறை ஒன்றுதான் இருக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வருகிற நேரத்துக்குப் பிடித்து வைக்க வேண்டியிருக்கும். ஐந்து பேருக்கு வெந்நீர் வைத்தால் விறகு, சமைத்தால் சிலிண்டர். அதற்கு மேல், நீங்கள் லேப்டாப்பை விரித்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு இருக்கும்போது அந்த அம்மா தன் வீட்டிலேயே குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருப்பார். வீட்டிலிருந்து வேலை என்பதை அவரவர் வீட்டோடு வைத்துக்கொள்ளலாம்.

நான்கு இரவு போதும். 27ஆம் தேதி வாக்கில் போய்ப் புத்தாண்டுக்கு முன் திரும்பிவிடுங்கள். பொங்கலை விட்டுவிடுங்கள் என்றால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். கிராமத்துப் பொங்கலைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பானை பொங்கி வழிகிற காட்சிதான் கிராமம். ஆனால் பொங்கல் விருந்தாளிகளுக்கான நாள் இல்லை. அந்த வாரத்தில் வீட்டுக்கு வெள்ளையடித்து, சாமான்களை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டுக் கழுவி, கட்டிக்கொடுத்த பெண்களுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோய், வருகிற மகள், மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகளுக்கு இடம் ஒழித்துக் கொடுக்க வேண்டும். மாட்டுப் பொங்கலுக்குத் தொழுவம் வேறு. வயலில் சம்பா அறுப்பும் அதை ஒட்டியே வந்து நிற்கும். அறுவடை இயந்திரம் நம்முடைய தேதிக்கு வராது, அது வருகிற தேதிக்கு நாம்தான் போய் நிற்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் கேமராவும் கையுமாக ஐந்து பேர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், அம்மா உங்களைத் திட்டமாட்டார். ராத்திரி பதினொரு மணிக்கு அவர் பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

மார்கழி நடுவில் அந்த நெருக்கடி கிடையாது. நெல் கதிர் பிடித்திருக்கும், தண்ணீர் காட்டுவதும் காவலும்தான் வேலை. வடகிழக்குப் பருவமழை நல்லபடியாகப் பெய்திருந்தால் கண்மாய்கள் நிறைந்து கிடக்கும். விடியுமுன்னே கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும். தூக்கம் கெடுகிறதே என்று அலுத்துக்கொள்ளாமல் வாசலுக்கு வாருங்கள். சாணம் தெளித்துக் கோலம் போட்டு, சாணிப் பிள்ளையாரின் தலையில் பரங்கிப்பூவைச் செருகுகிற நேரம் அது. குளிர் என்றால் உங்கள் மனதில் ஊட்டி இருக்கும். இங்கே அப்படி இல்லை, விடிகாலையில் இருபது டிகிரி வாக்கில் இருக்கும். ஒரு போர்வை போதும். பைக்கில் விடிகாலையில் கிளம்புகிறவர்கள் மட்டும் காதை மூடிக்கொள்ளுங்கள்.

வீட்டில் சும்மா உட்காராமல் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். கிணறோ ஆழ்துளைக் கிணறோ உள்ள வீடென்றால் மார்கழிப் பட்டத்துக்குக் கடலை விதைப்பு இருக்கக்கூடும். அதற்கு விதைக்கடலை உடைப்பார்கள். மெஷினில் கொடுத்தால் பருப்பு பிளந்துவிடும், தோல் உரிந்துவிடும், முளைப்பு அடிபடும் என்று கையாலேயே உடைக்கிற வீடுகள் இன்னும் உண்டு. காயின் மூக்கைக் கட்டைவிரலால் அழுத்தினால் ‘டப்’ என்று வாய் திறக்கும்; அந்தச் சிவப்புத் தோல் கீறாமல் பருப்பை எடுக்க வேண்டும். சொத்தையும் சூம்பலும் தனி முறத்துக்குப் போகும். அரை மணி நேரத்தில் விரல் நுனி எரிய ஆரம்பிக்கும். அந்த எரிச்சலோடு நான்கு பாட்டிகள் நடுவில் உட்கார்ந்திருந்தால், எந்தக் கல்யாணம் எதற்காக நின்றது, எந்தக் கண்மாய்க் கரை எந்த வருஷம் உடைந்தது என்று ஒரு தாலுகாவின் வரலாறு உங்கள் மடியில் வந்து விழும். உடைத்த பருப்பைத் தின்றுவிடாதீர்கள். அது விதை.

பணத்தை அம்மா கையில் கொடுக்காதீர்கள். தப்பாகத்தான் நினைப்பார். நேராக இலுப்பூர் கடைத்தெருவுக்குத் தோழியோடு போய் எண்ணெய், பருப்பு, காபித்தூள், காய்கறி, கறி, மீன் என்று அந்தந்த நாளுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு வாருங்கள். சிலிண்டர் காசைத் தோழி பொறுப்பில் விட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு வேட்டி, ஒரு புடவை கிளம்புகிற அன்றைக்கு. போன அன்றே கொடுத்தால் அதற்கு ஈடாக உங்களுக்கு ஏதாவது எடுத்துத் தர அந்த அப்பா புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிவிடுவார்.

ஆண்கள் இருவரையும் பற்றி ஒரு வார்த்தை. தோழிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கிறார்கள் என்றால், இரண்டு ஆண் நண்பர்கள் அந்த வீட்டில் இரவு தங்கியது அடுத்த கிராமத்துக்கு விடிவதற்குள் போய்விடும். இது சரியா என்று என்னைக் கேட்டால் சரியில்லை என்பேன். ஆனால் பேச்சின் விலையைக் கொடுக்கப் போவது நீங்களோ நானோ இல்லை, அந்தப் பெண். பங்காளி வீட்டிலோ சித்தப்பா வீட்டு மாடியிலோ இருவருக்கும் படுக்கை போடச் சொல்லித் தோழியே கேட்டுவிடலாம். கிராமத்தில் இது சகஜம், யாருக்கும் குறைவில்லை. டாஸ்மாக் சமாச்சாரம் திருச்சியோடு நிற்கட்டும்.

பார்க்க வேண்டிய இடங்களுக்கு வருகிறேன். இலுப்பூரை நடுவில் வைத்தால், ஒரு மணி நேரப் பயணத்துக்குள் தமிழ்நாட்டின் ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேலான கல்வேலையும் ஓவியமும் கிடக்கின்றன. அதனாலேயே ஒரே நாளில் ஐந்து இடம் என்று வேன் பிடிக்கிற ஆசை வரும். ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நான்கு நாளில் மூன்று இடம் நன்றாகப் பார்த்தால் எனக்குத் திருப்தி.

சித்தன்னவாசலுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் பாதியைத்தான் பார்க்கிறார்கள். குன்றின் மேற்குப் பக்கம் அறிவர் கோயில், ஓவியம் இருக்கிற குடைவரை. அதைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கிழக்குப் பக்கம் பாறையைச் சுற்றி ஏறினால் ஏழடிப்பட்டம் என்கிற சமணர் குகை. பதினேழு கற்படுக்கைகள், தலைப்பக்கம் மட்டும் கொஞ்சம் உயர்த்திச் செதுக்கி, வழவழவென்று. ஒன்றின் ஓரமாகத் தமிழ் பிராமி எழுத்து. கீழே விழுந்துவிடாமல் கம்பி போட்டிருக்கிறார்கள். காற்றடிக்கிற நாளில் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். முதலில் இதைப் பாருங்கள். கல்லில் படுத்துக் கிடந்த துறவிகளைப் பார்த்துவிட்டு, அதற்குப் பல நூற்றாண்டு கழித்து அதே குன்றில் வரையப்பட்ட தாமரைக் குளத்தைப் பார்ப்பதுதான் சரியான வரிசை. குடைவரையில் கழுத்தை வளைத்து மேலே பார்க்க வேண்டும்: தாமரை, இலை, மீன், அன்னம், யானை, நடுவில் பூப்பறிக்கிற மனிதர்கள். முன்மண்டபத் தூண்களில் ஆடுகிற பெண்கள், கிரீடம் வைத்த ஒரு அரசன். நிறம் வெளுத்துக்கொண்டேதான் வருகிறது. 9ஆம் நூற்றாண்டில் ஸ்ரீமாற ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பவர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாக அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. அதற்கு முன்பே இது குடையப்பட்டிருந்தது என்பது அதிலிருந்தே தெரிகிறது. கருவறைக்குள் ஒருவர் மட்டும் நின்று வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். கல் அதை வாங்கி எல்லாப் பக்கமிருந்தும் திருப்பித் தரும். ஆறு பேரும் சேர்ந்து கத்தினால் ஒன்றும் கேட்காது, காவலர் வருவதுதான் மிச்சம்.

நார்த்தாமலைக்குக் காலையிலேயே போங்கள். ஒன்பது குன்றுகளில் நீங்கள் ஏற வேண்டியது மேலமலை. வழியில் தலையருவிச் சிங்கம் என்று ஒரு சுனை வரும். பார்த்தால் பச்சைத் தண்ணீர் நிற்கிற பாறைக்குழி, அவ்வளவுதான். அதன் அடியில் பாறையைக் குடைந்த ஒரு சிறு கோயிலும் லிங்கமும் முழுகிக் கிடக்கின்றன. 1857இல் புதுக்கோட்டை ராமச்சந்திர தொண்டைமானின் ராணி தண்ணீரை எல்லாம் இறைக்கவைத்து இறங்கிக் கும்பிட்டதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நீங்கள் இறங்க முயலாதீர்கள், ஆழம்.

மேலே விஜயாலய சோழீஸ்வரம். பெயரில் சோழன் இருந்தாலும் கட்டியது முத்தரையர் மரபில் வந்த இளங்கோவதி அரையன் என்றும், இடிந்துபோனதை மல்லன் விடுமன் என்பவன் புதுப்பித்தான் என்றும் கல்வெட்டு சொல்கிறது. இடி, மழை ஒரு கோயிலைச் சாய்த்ததும் இன்னொருவன் வந்து எடுத்து நிறுத்தியதும் வாசல் காவலன் சிலையின் அடியில் எழுதிக் கிடக்கிறது. சதுரமான வெளிச்சுவருக்குள் கருவறை மட்டும் வட்டமாக இருக்கும். சுற்றி வரும்போது கவனியுங்கள். கோயில் மேற்குப் பார்த்தது. எதிரே பாறையில் கிழக்குப் பார்த்த இரண்டு குகைகள். காலை வெயில் அவற்றின் வாசலில் விழும், அதனால்தான் காலையில் போகச் சொன்னேன். ஒன்று சாத்தன் பழியிலி குடைவித்த பழியிலி ஈசுவரம். இன்னொன்றைச் சமணர் குடகு என்பார்கள். ஆனால் உள்ளே சுவரில் ஆளுயரத்தில் பன்னிரண்டு விஷ்ணு வரிசையாக நிற்கிறார். சமணமாக இருந்தது வைணவமாக மாறிய கதை, ஒருவரும் சொல்லாமலே புரிந்துவிடும். பனி விழுந்த பாறை வழுக்கும், செருப்பு பிடிமானமுள்ளதாக இருக்கட்டும். தண்ணீர் கொண்டுபோங்கள், மேலே கடை கிடையாது.

உங்களில் பாட்டு கற்றவர் யாராவது உண்டென்றால் மூன்றாவது நாள் குடுமியான்மலை. கோயிலை ஒட்டிய பாறைச் சரிவில், குடைவரைக்குப் பக்கத்தில், கிரந்த எழுத்தில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பிரிவாக, ராகங்களுக்கான ஸ்வரக் கோவைகளை நான்கு நான்கு எழுத்தாக வெட்டியிருக்கிறார்கள். பாட வராதவர்கள் அதைக் கரும்பலகை என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு மண்டபத் தூண்களின் சிற்பங்கள் போதும். பாட்டுக்காரர் இல்லையென்றால் அதற்குப் பதில் கொடும்பாளூர் மூவர் கோயில். மூன்றில் இரண்டுதான் மிச்சம்.

விராலிமலை முருகனைப் பற்றிச் சொல்லாவிட்டால் அந்தப் பக்கத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சுருட்டு நைவேத்தியம் செய்கிற கோயில் அது. மலையடிவாரத்தில் மயில்கள் கூட்டமாகத் திரியும். ஆனால் தோழியின் அப்பா எதிரில் மயிலைப் பார்த்து “ஐயோ, எவ்வளவு அழகு” என்று கூவாதீர்கள். கதிர் பிடித்த வயலில் இறங்கிக் கொத்தியும் மிதித்தும் பாழாக்குவது அதே மயில்தான். 1972ஆம் வருஷ வனவிலங்குச் சட்டப்படி அதைத் தொடவும் முடியாது. பழைய புடவைகளை வயலைச் சுற்றிக் கட்டி வைத்துவிட்டு, விடியலில் தகரத்தைத் தட்டிக்கொண்டு வரப்பில் நடக்கிறவரிடம் கேளுங்கள், மயில் அகவுவதற்கு அவர் வேறு பெயர் சொல்வார்.

கண்மாயில் குளிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில், அவர்கள் குளிக்கிற நேரத்தில், இடுப்பளவுத் தண்ணீர் மட்டும். கரைக்குச் சற்று உள்ளே தண்ணீருக்குள் இரண்டு கல்தூண் நின்று, குறுக்கே கல் போட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். அது குமிழித் தூம்பு. பாண்டியர் காலத்திலிருந்தே இந்தச் சீமையில் வழக்கத்தில் இருக்கிறது. அடியில் துளை, அதன் மேல் அடைப்புக்கல். வேண்டும்போது ஆள் மூழ்கித் திறந்துவிட்டால் தண்ணீர் சுருங்கை வழியாகக் கரைக்கு அந்தப்பக்கம் வயலுக்குப் போகும், அடியில் படிந்த வண்டலையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு. போட்டோ எடுக்க அழகான இடம். நீந்திப்போய்த் தூணைத் தொடலாம் என்று யாராவது பந்தயம் கட்டினால் தடுத்துவிடுங்கள். மடை திறந்திருந்தால் காலை உள்ளே இழுக்கும். கண்மாய்க்குள் மண் எடுத்த குழிகளும் இருக்கும். வெயில் காலத்தில் லாரி போய்வந்த பள்ளம் மழைக்குப் பிறகு வெளியே தெரியாது, நாலடியில் நடந்துகொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் போய்விடும். கல்குவாரிப் பள்ளங்களின் பக்கமே போகாதீர்கள். நீலத் தண்ணீர், சுற்றிலும் செங்குத்துப் பாறை. இறங்கினவருக்கு ஏறப் பிடிமானம் இருக்காது. நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே செத்திருக்கிறார்கள். பெண்கள் குளிக்கிற துறையில் எந்தக் காரணம் கொண்டும் போனை வெளியே எடுக்காதீர்கள்.

பாம்பு வரும். வயலும் வைக்கோல் போரும் எலியும் இருக்கிற இடத்தில் வராமல் என்ன செய்யும்? பயப்பட வேண்டியவற்றில் ஒன்று கட்டுவிரியன். ராத்திரி தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும், வலிகூடப் பெரிதாக இருக்காது. அதனால் கட்டிலில் படுங்கள், கொசுவலையின் விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகுங்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் வாசலில்கூட இறங்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, பச்சிலை, மந்திரம் எதுவும் கூடாது. கை காலை ஆட்டாமல் வைத்து 108ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்கு. புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

போக்குவரத்து சுலபம். சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகும் இரவு ரயில்கள் புதுக்கோட்டை வழியாகப் போகின்றனதான், ஆனால் நடுச்சாமத்தில் இறக்கிவிடும். விடிகாலையில் திருச்சி வந்து சேரும் ரயிலில் வந்து, விராலிமலை வழியாக இலுப்பூருக்கு பஸ் ஏறுங்கள். முறுக்கு வேண்டுமென்றால் மணப்பாறை பக்கம்தான். புதுக்கோட்டைக்குப் போகிற அன்று முட்டை மாஸ் சாப்பிடாமல் வராதீர்கள். மழை பிடித்துக்கொண்டால் திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது, அரை நாள் போவதே தெரியாது.

ஜல்லிக்கட்டு. பொங்கலுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதற்கு வழி சொல்லாமல் போனால் என்னை மன்னிக்கமாட்டீர்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் வாடிவாசல்கள் ஏராளம், பொங்கலோடு முடிவதில்லை, தை பிறந்து மாதக்கணக்கில் ஊர் ஊராக நடக்கும். அண்மை ஆண்டுகளில் மாநிலத்தின் முதல் ஜல்லிக்கட்டு இந்த மாவட்டத்துத் தச்சன்குறிச்சியில், ஜனவரி முதல் வாரத்திலேயே, தேவாலயத் திருவிழாவை ஒட்டி நடந்துவருகிறது. கந்தர்வக்கோட்டைப் பக்கம், இலுப்பூரிலிருந்து பார்த்தால் மாவட்டத்தின் மறுகோடி. அரசு ஆணை வந்த பிறகுதான் தேதி உறுதியாகும், கடைசி நேரத்தில் தள்ளிப்போவதும் உண்டு, அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். பார்க்கப் போனால் கேலரியில் உட்காருங்கள். வாடிவாசலுக்கு எதிரே நிற்பதுதான் ஆபத்து என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வேடிக்கை பார்க்கிறவர்கள் குத்துப்படுவது பெரும்பாலும் திடலைத் தாண்டி ஓடிவருகிற மாட்டைச் சொந்தக்காரர்கள் கயிறு போட்டுப் பிடிக்கிற இடத்தில். அங்கே தடுப்பு குறைவு, மாடு மிரண்டு வரும், ஜனங்கள் போனில் படம் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

இன்னொரு யோசனை. இந்தப் பக்கம் பார்த்தே ஆக வேண்டிய ஒன்று குளிர்காலத்தில் கிடையாது. கண்மாயில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும், மாசியிலிருந்து வைகாசி வரைக்கும், இலுப்பூர், அன்னவாசல், விராலிமலை வட்டாரத்தில் மீன்பிடித் திருவிழா வைப்பார்கள். முந்தின நாளே சுற்றுவட்டாரத்துக்குச் சேதி போய்விடும். விடியலில் ஊத்தா, கச்சா, வலை என்று ஆயிரக்கணக்கில் ஆட்கள் கரையில் நிற்பார்கள். ஊர்ப் பெரியவர் கரைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசியதும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் சேற்றில் இறங்கும். அன்றைக்கு எல்லா வீட்டிலும் கெளுத்தி, விரால், கெண்டை. மீனை விற்கமாட்டார்கள், குழம்பு வைத்து உறவுக்காரர்களைக் கூப்பிட்டுப் போடுவார்கள். நான்கு நாளும் நல்லபடியாக இருந்து, கிளம்பும்போது அந்த அம்மாவே “அடுத்து மீன்பிடிக்கு வாங்க” என்று சொன்னால் போங்கள். வெயில் கொளுத்தும், ஒருநாள் லீவு போட்டால் போதும், மாற்றுத்துணி இரண்டு செட்டாவது எடுத்துக்கொள்ளுங்கள்.